பார்க்கலாம், நகல் கிடையாது: ராஜஸ்தானில் ஒரு கோரிக்கை கூர்மையான விதம்

தகவல் உரிமைப் பயிற்சிகளில் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது எளிது. ஆறாவது பிரிவில் மனு, ஏழாவதில் 30 நாள், பத்தொன்பதாவதில் மேல்முறையீடு என்று ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அந்தப் பிரிவுகளை யார், எந்தக் கட்டத்தில், எதை விட்டுக்கொடுக்க மறுத்ததால் நமக்குக் கிடைத்தன என்பதற்குத்தான் நேரம் மிஞ்சுவதில்லை. அதனால் பயிற்சி முடித்து வெளியே போகிறவர் முதல் மனுவிலேயே தடுமாறுகிறார். அலுவலர் "வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் போட்டால் வென்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

இந்த ஆய்வு மத்திய ராஜஸ்தானில் 1987 முதல் 1997 வரை நடந்ததைப் பற்றியது. அமைப்பின் பெயரும் ஊர்களின் பெயர்களும் எல்லோரும் அறிந்தவை, அவற்றைச் சொல்கிறேன். ஆட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதே இங்கே வேண்டியது.

களம்

ஆரவல்லி மலைத்தொடரின் அடியில், இன்றைய ராஜ்சமந்த் மாவட்டத்தில், தேவ்டுங்ரி என்றொரு சிற்றூர். 1987 இல் அங்கே ஒரு மண்வீட்டில் சிலர் குடியேறினார்கள். அவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். 1968 இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து 1975 இல் விலகியவர். இன்னொருவர் வெளிநாட்டுப் படிப்பிலிருந்து திரும்பிய இளைஞர். மூன்றாமவர் அந்த மண்ணின் மனிதர். பொம்மலாட்டமும் பாட்டும் கிண்டலும் கைவந்தவர். வெளிநாட்டு நிதி வாங்குவதில்லை, குறைந்தபட்சக் கூலி அளவுக்கு மேல் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வதில்லை என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்துக்கொண்டார்கள்.

மழை பொய்க்கும் பூமி அது. நிலம் சிறு துண்டுகள், கிணறு ஆழம். ஆண்களில் பலர் பிழைப்புக்காக வெளியூர் போய்விடுவார்கள். ஊரில் மிஞ்சுபவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அரசின் வறட்சி நிவாரணப் பணிதான் கைக்கெட்டும் வேலை: குளம் தூர்வாருதல், சாலைக்கு மண் வெட்டுதல், தடுப்பணை. இந்தப் பணிகளுக்கும் குறைந்தபட்சக் கூலி தந்தே ஆக வேண்டும் என்று 1983 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த வழக்கும் ராஜஸ்தானில் நிவாரணச் சாலைப் பணியில் இருந்தவர்களுக்காகத் தொடரப்பட்டதுதான். ஆக, கூலிக்குச் சட்டமும் இருந்தது, தீர்ப்பும் இருந்தது, பணமும் வந்துகொண்டிருந்தது. 1989 இல் ஜவாஹர் வேலைவாய்ப்புத் திட்டம் தொடங்கிய பின் ஊராட்சிகளின் கையில் புழங்கும் தொகை இன்னும் கூடியது. வேலை செய்தவர் கையில்தான் முழுக்கூலி வந்து சேரவில்லை.

கூலிக் கணக்கில் கண்டது

குறைத்துக் கொடுப்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: "நீங்கள் வேலை செய்யவில்லை." வாரக் கடைசியில் இளநிலைப் பொறியாளர் வந்து வெட்டிய மண்ணை அளப்பார். அளவுப் புத்தகத்தில் எழுதுவார். அந்தக் கன அளவை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று கூலி வரும். நாள் முழுக்க வெயிலில் மண் சுமந்த பெண்ணிடம், ஏட்டின்படி நீ அரை நாள் வேலைதான் செய்தாய் என்பார்கள். ஏட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம். 1923 ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டம் ஒரு கிராமத்துக் குளத்தின் மண் கணக்கையும் காத்து நின்றது.

இந்த வகுத்தல் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, நாற்பது பேர் மண் வெட்டுகிறார்கள், மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பட்டியலில் அறுபது பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் வெட்டிய மண் அறுபதால் வகுபடும். இருபது பொய்ப் பெயர்களின் கூலி யாரோ ஒருவர் பைக்குப் போகும். மீதி நாற்பது பேர் சோம்பேறிகள் என்று ஏட்டில் பதிவாகும். திருட்டும் அவப்பெயரும் ஒரே தாளில், ஒரே வகுத்தலில் நடந்து முடிந்துவிடும். கூலியைக் கூட்டிக் கேட்டுப் போராடினால் இந்தத் தாளைத் தொடவே முடியாது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் படித்தவர்கள் அல்லர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற பெயரில் அமைப்பு உருவானது. உழைப்பவர், உழவர் ஆற்றல் அமைப்பு என்று பொருள் கொள்ளலாம். அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பீமில் குறைந்தபட்சக் கூலிக்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரு பணியிடத்தில் தீர்ந்தால் அடுத்த பணியிடத்தில் அதே பிரச்சினை முளைத்தது. ஒவ்வொரு முறையும் அலுவலர் ஏட்டைத் தட்டிக்காட்டுவார், தொழிலாளி வாய்ப்பேச்சில் வாதாடுவார். அந்தக் காகிதங்கள் வெளியே வராதவரை நாம் பொய்யர்களாகத்தான் இருப்போம் என்று கூட்டத்தில் ஒரு தொழிலாளி எழுந்து சொன்னதாக இயக்கத்தார் நினைவுகூர்கிறார்கள். கோரிக்கை அந்த இடத்தில்தான் திசை மாறியது. கூலியைக் கேட்டவர்கள், கூலி எழுதப்பட்ட தாளைக் கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தக் கட்டத்தில் அவர்கள் செய்த இன்னொரு காரியத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பீமில் ஒரு மளிகைக் கடை திறந்தார்கள். வாங்கிய விலையும் விற்கும் விலையும் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்டன. அடுத்தவர் கணக்கைக் கேட்குமுன் தம் கணக்கைத் திறந்து வைப்பது எப்படி என்று ஊருக்குப் புரிந்தது. பிறகு அரசிடம் கேட்டபோது, "உன் கணக்கு எங்கே?" என்று திருப்பிக் கேட்க யாருக்கும் வாய்ப்பில்லாமல் போனது.

காகிதம் ஊருக்கு வந்தது: 1994 டிசம்பர்

முதல் மக்கள் விசாரணை, அவர்கள் மொழியில் ஜன் சுன்வாய், 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் நடந்தது. அப்போது தகவல் கேட்கச் சட்டம் எதுவும் இல்லை. ஏடுகள் கிடைத்ததற்குக் காரணம், அந்தப் பகுதியில் பொறுப்பிலிருந்த ஓர் அலுவலர் மனம் வைத்து எடுத்துக் கொடுத்ததுதான். மஸ்டர் ரோல், பில், வவுச்சர் எல்லாம் கைக்கு வந்தன.

அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பத்திரிகையாளர் சந்திப்பு நடத்தியிருக்கலாம். வழக்குப் போட்டிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வேலை முடிந்து வீடு திரும்பியவர்களிடம் பட்டியலில் உள்ள பெயர்களைப் படித்துக் காட்டினார்கள். இந்தப் பணிக்கு நீ போனாயா? எத்தனை நாள்? எவ்வளவு வாங்கினாய்? இந்தக் கைநாட்டு உன்னுடையதா? ஒரு வீட்டில் சிரிப்பு, அடுத்த வீட்டில் கோபம். மேடையில் நடந்தது இந்த வேலையின் அறுவடை மட்டும்தான் என்பேன். இன்று சமூகத் தணிக்கை, அதாவது ஊராரே கணக்கைச் சரிபார்ப்பது, என்ற பெயரில் ஒரே நாளில் கூட்டம் கூட்டிக் கலைகிறவர்கள் இந்தப் பகுதியைத்தான் இரண்டு முறை படிக்க வேண்டும்.

கூட்டத்திற்குச் சில ஒழுங்குகள் வைத்தார்கள். ஊராட்சித் தலைவர், கிராம சேவக் என்று அழைக்கப்படும் செயலாளர், பொறியாளர், மாவட்ட அலுவலர்கள் எல்லோருக்கும் அழைப்பு போகும். குற்றம் சாட்டப்படுகிறவர் வந்து பதில் சொல்ல இடம் உண்டு. வெளியூரிலிருந்து வழக்கறிஞர், பத்திரிகையாளர், பேராசிரியர் போன்றவர்கள் நடுவர் இடத்தில் உட்காருவார்கள். ஏடு உரக்கப் படிக்கப்படும், பெயர் அழைக்கப்படும், அந்தப் பெயருக்குரியவர் ஒலிவாங்கியில் வந்து தன் அனுபவத்தைச் சொல்வார். வீடியோவில் பதிவாகும். யாருக்கும் தண்டனை அறிவிக்கப்படாது.

கோட் கிரானாவில் படிக்கப்பட்ட பட்டியலில் இறந்துபோனவர்கள் வேலை செய்திருந்தார்கள். ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்கள் வேலை செய்திருந்தார்கள். அந்தப் பணியிடத்தை எட்டியே பார்க்காதவர்கள் கூலி வாங்கியிருந்தார்கள். கட்டி முடிக்கப்பட்டதாக ஏட்டில் இருந்த வருவாய்க் கணக்கரின் கட்டடம் கூட்டத்தார் கண்ணெதிரிலேயே அரைகுறையாக நின்றது. அதே மாதம் 7 அன்று பீமிலும், 17 அன்று விஜய்புராவிலும், 1995 ஜனவரி 7 அன்று அஜ்மீர் மாவட்டத்தின் ஜவாஜாவிலும், ஏப்ரல் 25 அன்று பில்வாரா மாவட்டத்தின் தானாவிலும் அடுத்தடுத்து விசாரணைகள். பீமில் வெளிவந்தது கூலியைவிடப் பெரிய சங்கதி. லட்சக்கணக்கில் பொருள் வழங்கியதாகப் பில் கொடுத்திருந்த ஒரு கம்பெனி, காகிதத்தில் மட்டும் இருந்தது.

இந்தக் கூட்டங்களில் நான்கு கோரிக்கைகள் உருவாயின. ஊராட்சிக் கணக்குகள் திறந்திருக்க வேண்டும். தவறு செய்த அலுவலர் பொறுப்பேற்க வேண்டும். மக்களே தணிக்கை செய்ய வேண்டும். திருடிய பணம் எந்தப் பணிக்காக வந்ததோ அந்தப் பணிக்கே திரும்ப வேண்டும். நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊருக்கு அதுதான் முதலாவது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது

மேலிடத்திலிருந்து வரும் என்று எதிர்பார்த்தால் கீழேயிருந்துதான் முதலில் வந்தது. ஏடு கொடுக்க மாட்டோம் என்று அஜ்மீர் மாவட்டத்தில் கிராம சேவக்குகள் சங்கமாகத் திரண்டு நின்றார்கள். ஊராட்சிக் கணக்கை அரசுத் தணிக்கையாளர் பார்க்கலாம், ஊரார் பார்க்க முடியாது என்பது அவர்களின் வாதம். நல்ல மனம் கொண்ட ஒரு அதிகாரியை நம்பி நடந்த முறை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று அன்று தெரிந்தது. அந்த அதிகாரி இடம் மாறினால் விசாரணையும் நின்றுபோகும். தயவாகக் கிடைத்தது உரிமையாக எழுதப்பட வேண்டும் என்ற முடிவுக்கு அமைப்பைத் தள்ளியவர்கள் ஒரு வகையில் இந்தக் கிராம சேவக்குகள்தான்.

1995 ஏப்ரல் 5 அன்று மாநில முதலமைச்சர் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார். உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களை மக்கள் பார்க்கலாம், நகலும் பெறலாம். மறுநாள் நாளிதழில் செய்தி வந்தது. அந்த நாளிதழ்த் துணுக்கை எடுத்துக்கொண்டு தொழிலாளர்கள் அலுவலகங்களுக்குப் போனார்கள். ஆணை வரவில்லை என்று பதில் வந்தது. ஓராண்டு இப்படியே ஓடியது.

பியாவர்: நாற்பது நாள்

அறிவிப்பு நாளிதழில் வந்து சரியாக ஓராண்டு கழிந்த நாளில், 1996 ஏப்ரல் 6 அன்று, பியாவர் நகரத்தின் சாங் கேட் பகுதியில் தர்ணா தொடங்கியது. பியாவரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அஜ்மீர், பாலி, ராஜ்சமந்த், பில்வாரா ஆகிய நான்கு மாவட்டத்துக் கிராமத்தாரும் வந்துபோகும் சந்தை ஊர் அது. தலைநகரில் உட்கார்ந்தால் செய்தி கிடைக்கும். இங்கே உட்கார்ந்தால் ஆள் கிடைப்பார்கள். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது. ஆட்கள் முறைவைத்து வந்து உட்கார்ந்தார்கள், ஒரு ஊரார் போனால் அடுத்த ஊரார்.

இந்த ஆய்வின் மையம் தர்ணா தொடங்கிய அந்த நாள்தான். அரசு ஓர் ஆணை வெளியிட்டது. கட்டணம் செலுத்தி ஆவணங்களைப் பார்வையிடலாம். நகல் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெற்றியாகவே தோன்றும். பார்க்கலாம் என்று ஆணையே போட்டாயிற்று, இனிமேல் என்ன பிடிவாதம் என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். பந்தலைப் பிரித்து ஊர் திரும்பியிருந்தால் பாராட்டும் கிடைத்திருக்கும். அவர்கள் மறுத்தார்கள். மறுத்ததற்கு அவர்களின் அனுபவத்திலேயே காரணங்கள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெண் அலுவலக மேசையில் ஏட்டைப் பார்த்து என்ன செய்வார்? தெரிந்தவர் போய்க் கையால் எழுதிக்கொண்டு வந்தாலும், ஏட்டில் அப்படி இல்லை என்று மறுநாள் சொல்லிவிடலாம். அடுத்த வாரத்துக்குள் ஏட்டையே மாற்றி எழுதிவிடலாம். கோட் கிரானாவில் நடந்ததற்கெல்லாம் அடிப்படை, தாள் அலுவலகத்தைவிட்டு வெளியேறி ஊருக்கு வந்ததுதான். பார்க்கும் உரிமை ஆளைத் தாளிடம் வரச்சொல்கிறது. நகல் இருந்தால் தாள் ஊருக்கு வருகிறது. இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் நடந்து பார்த்திருந்தார்கள்.

அதனால் நாற்பது நாள் தொடர்ந்தது ஒரு ஜெராக்ஸ் தாளுக்கான போராட்டம். கேட்கச் சின்னதாக இருப்பதே அதன் பலம் என்று நினைக்கிறேன். ஊழலை ஒழிப்போம் என்று உட்கார்ந்திருந்தால் எல்லாக் கட்சியும் வந்து கைகோத்துவிட்டுப் போயிருக்கும். நகல் தா என்று கேட்டால் தருகிறேன், தரமாட்டேன் என்ற இரண்டு பதில்தான் உண்டு.

நகரமும் மெல்ல மெல்லத் தர்ணாவோடு சேர்ந்துகொண்டது. காய்கறி வியாபாரிகள் காய் கொடுத்தார்கள். தொழிற்சங்கங்கள் வந்தன, மே நாளைச் சேர்ந்து கொண்டாடினார்கள். கிராமத்துக் கூலிக்காரர்களின் சங்கதி என்று ஒதுங்கியிருந்த கடைக்காரர்களுக்குத் தங்கள் நகராட்சிக் கணக்கும் நினைவுக்கு வந்தது. பொம்மலாட்டமும் பாட்டும் மாலைதோறும் நடந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து பத்திரிகையாளர்களும் இயக்கத்தாரும் வந்துபோனார்கள். 'ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்', நம் பணம் நம் கணக்கு என்ற முழக்கம் அங்கிருந்துதான் நாடெங்கும் போனது.

மே நடுவில் அரசு ஒரு குழுவை அமைத்தது. நகல் தருவதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று இரண்டு மாதத்தில் அறிக்கை தர வேண்டும். தர்ணா முடித்துக்கொள்ளப்பட்டது. குழு அறிக்கை தந்தது. வெளிப்படைத்தன்மை பற்றிய அந்த அறிக்கையையே அரசு வெளியிடாமல் வைத்துக்கொண்டது. நான் இட்டுக்கட்டவில்லை.

ஜெய்ப்பூர்: ஐம்பத்து மூன்று நாள்

1997 மே மாதம் தலைநகரில் இரண்டாவது தர்ணா தொடங்கியது. ஜெய்ப்பூரின் கோடையில் 53 நாள் உட்கார்ந்தார்கள். ஜூலையில் துணை முதலமைச்சர் அறிவித்தார்: ஊராட்சி ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமை ஆறு மாதங்களுக்கு முன்பே, 1996 டிசம்பரில், ஊராட்சி விதிகளில் சேர்க்கப்பட்டு அரசிதழில் வெளியாகிவிட்டது.

அரசிதழ் என்பதே எல்லோருக்கும் தெரிவிப்பதற்காக அச்சிடப்படுவது. அதில் வெளியான உரிமை, அதே உரிமையைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியவில்லை, அவர்களோடு பேச்சு நடத்திய அலுவலர்களும் சொல்லவில்லை. உண்மையிலேயே யாருக்கும் தெரியாதா, தெரிந்தும் மறைத்தார்களா என்பதை விட்டுவிடலாம். எழுத்தில் இருப்பதும் எட்டும் தூரத்தில் இருப்பதும் வேறு வேறு என்று இதைவிடச் சுருக்கமாக எந்த அரசும் சொல்லிக்கொடுத்ததில்லை. பின்னாளில் வந்த சட்டத்தின் நான்காவது பிரிவு, அரசு தானாகவே முன்வந்து, மக்களுக்குப் புரியும் மொழியில், அவர்கள் எளிதில் பெறும் வழியில் வெளியிட வேண்டும் என்று விரிவாகச் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 53 நாள்தான் நினைவுக்கு வரும்.

பிறகு நடந்தவை

பியாவர் தர்ணாவை ஒட்டி 1996 இல் தில்லியில் மக்கள் தகவல் உரிமைக்கான தேசியப் பிரச்சாரக் குழு அமைந்தது. இந்தியப் பத்திரிகை மன்றத்தின் முன்முயற்சியில் ஒரு சட்ட வரைவும் உருவானது. மாநிலங்களில் முதன்முதலில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு, 1997 இல். நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் செய்திதான். ஆனால் அந்தச் சட்டத்தில் விலக்குகளின் பட்டியல் நீளமானது. அதைப் பயன்படுத்தி ஒரு கிராமத்தில் கணக்குக் கேட்ட கதை நம் நினைவில் பெரிதாக இல்லை. ராஜஸ்தானில் சட்டம் வந்தது 2000 இல். முந்தி வந்த சட்டத்துக்குப் பின்னால் பந்தல் இல்லை. பிந்தி வந்ததற்குப் பின்னால் 93 நாள் உட்கார்ந்த பந்தல்கள் இருந்தன.

நடுவண் அரசு 2002 இல் இயற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், தகவல் உரிமை என்றால் என்ன என்று சொல்லும் 2(ஞ) பிரிவு, ஆங்கில எழுத்து வரிசையில் 'ஜே', பணியையும் ஆவணத்தையும் பார்வையிடுதல், குறிப்பெடுத்தல், சான்றிட்ட நகல் பெறுதல், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுத்தல் என்று தனித்தனியாக அடுக்குகிறது. ஆவணத்தைப் பார்வையிடலாம் என்பதோடு அந்தப் பிரிவு நின்றுவிடவில்லை. சாலையில் போட்ட தாரின் மாதிரியைக்கூடக் கேட்கலாம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம் என்பது, அலுவலகங்களில் 'ஆணை வரவில்லை' என்று கேட்டுச் சலித்தவர்களின் கோரிக்கைக்குக் கிடைத்த பதில். அதே 2005 இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் பதினேழாவது பிரிவு, கிராம சபை வழியான சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. கோட் கிரானாவின் ஒலிவாங்கி சட்டப் புத்தகத்துக்குள் போன கதை அது.

ஊர்களில் என்ன நடந்தது? 1998 இல் ஒரு விசாரணையில் பெண் ஊராட்சித் தலைவர் ஒருவர் கூட்டத்தின் முன்பே பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். மற்ற இடங்களில் விசாரணைக்கு அஞ்சி, முன்னதாகவே இரவோடு இரவாகக் கூலி பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்த செய்திகளும் உண்டு. இன்னொரு பக்கம், ராஜ்சமந்த் மாவட்டத்தின் ஜனாவத் ஊராட்சியில், சில நாட்களில் நகல் தர வேண்டும் என்று விதி இருக்க, அதைப் பெற ஓராண்டுக்கும் மேலானது. அந்த விசாரணை 2001 ஏப்ரலில்தான் நடந்தது.

இன்று செய்தால் எதை மாற்ற வேண்டும்

முதலாவது, கையெழுத்து. ஊராட்சிக் காசோலையிலும் ஏட்டிலும் தலைவர் கையெழுத்துப் போடுவார். இடஒதுக்கீட்டில் முதன்முறை தலைவரான பெண்களிலும் தலித்துகளிலும் பலர் செயலாளர் நீட்டிய தாளில் கையெழுத்திட்டவர்கள். விசாரணையில் வெளிப்படையாக மாட்டுவது அவர்கள்தான். அளந்தவர், பில் எழுதியவர், பொருள் வழங்கியதாகச் சொன்ன கம்பெனிக்காரர் ஆகியோரின் பெயர் தாளின் ஓரத்தில் சுருக்கொப்பமாக இருக்கும். மேடையில் திருப்பித் தர ஒப்புக்கொண்டவர் ஒரு பெண் தலைவர் என்பதை நான் வெற்றி என்று மட்டும் படிக்கத் தயாராக இல்லை. நகல் கேட்கும்போதே ஒவ்வொரு பில்லும் எத்தனை கை மாறியது என்ற வரிசையையும் சேர்த்துக் கேட்டால், பொறுப்பு எங்கே நின்றது என்று தெரியும்.

இரண்டாவது, சாட்சி சொன்னவரின் மறுநாள். வெளியூர் நடுவர்கள் மாலையில் வண்டியேறிவிடுவார்கள். ஒலிவாங்கியில் தலைவருக்கு எதிராகப் பேசிய பெண் அதே ஊரில் அதே தலைவரிடம் அடுத்த வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். கூட்டத்துக்குப் பிந்தைய வாரங்களில் யார் போய்ப் பார்ப்பது, வேலை மறுக்கப்பட்டால் யாரிடம் எழுதுவது என்பதை விசாரணைக்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் அமைப்பின் ஆட்கள் அங்கேயே குடியிருந்ததால் இது ஓரளவு தானாக நடந்தது. அந்த முறையைப் பார்த்து நடத்திய மற்றவர்களுக்கு அப்படி வாய்க்கவில்லை.

மூன்றாவது, பணம் திரும்பும் வழி. தாள் பெறுவதற்கு விதி வந்தது. திருட்டு உறுதியானபின் என்ன நடக்க வேண்டும் என்பதற்குக் காலக்கெடு வரவில்லை. முதல் தகவல் அறிக்கை, துறை விசாரணை, மீட்பு நடவடிக்கை என்று கோப்பு நகர்கையில் ஊரார் களைத்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் வைத்த நான்காவது கோரிக்கைக்கும் பியாவரில் நகலுக்குக் காட்டிய அதே பிடிவாதம் வேண்டியிருந்தது.

நான்காவது இன்றைய தேதிக்கு உரியது. சில தகவல்கள் இப்போது கேட்காமலே கிடைக்கின்றன. ராஜஸ்தான் அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய ஜன் சூச்னா இணையதளத்தில் ரேஷன் முதல் வேலைத் திட்டம் வரை ஊர்வாரியாகப் பார்க்க முடிந்தது; பியாவரில் உட்கார்ந்தவர்கள் வடிவமைப்பிலும் பங்கெடுத்தார்கள். அதற்கு எதிர்த்திசையில், 2023 ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் தனிப்பட்ட தகவல் விலக்கை மாற்றி எழுதியது. பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அல்லது தனியுரிமையில் தேவையின்றித் தலையிடும் தகவலுக்கு மட்டும் என்றிருந்த விலக்கு, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று விரிந்தது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. இனி மனு எழுதுகிறவர்கள் அந்தப் பிரிவைக் காட்டி, கேட்கும் பெயர்ப் பட்டியல் எந்தப் பொதுப்பணத்தோடு சேர்ந்தது என்பதை முதல் மனுவிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஏனென்றால் மஸ்டர் ரோலில் எண்களும் தொகையும் மட்டும் இருந்து பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தால், 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானாவில் படித்துக் காட்ட எதுவுமே இருந்திருக்காது. பெயரை வாசித்ததால்தான், அவர் செத்துப்போனவராயிற்றே என்று கூட்டத்தால் சொல்ல முடிந்தது.